தனிமைப்படுத்தல் தந்த மன அழுத்தம்: தனியாக இருந்ததாலா?

கேள்வி: கொரோனா காலத்தில் தனிமைப்படுத்தப்பட்ட பலருக்கு மன அழுத்தம் வந்ததாகச் சொல்கிறார்கள். சாப்பாடு, டிவி, செல்போன் எல்லாம் இருக்கும்போது இரண்டு வாரம் உள்ளே இருப்பதில் அப்படி என்ன கஷ்டம்? மனபலம் இல்லாதவர்களுக்குத்தானே இதெல்லாம் வரும்?

பதில்:

இந்தக் கேள்விக்குள் இரண்டு ஊகம் இருக்கிறது. தனியாக இருந்ததால்தான் அழுத்தம் வந்தது என்பது ஒன்று. அது ஆளைப் பொறுத்த விஷயம் என்பது இன்னொன்று. 2020-லும் 2021-லும் ஒரு தொலைபேசி ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்து இந்த மாதிரி அழைப்புகளை எடுத்தவன் நான். முதல் ஊகத்தை அறவே ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

தனிமைதான் காரணம் என்றால் சிங்கப்பூர் ஊழியர் விடுதிகளில் நடந்ததை விளக்கவே முடியாது. கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் போன இந்திய, வங்கதேசத் தொழிலாளர்கள் தங்கும் இடங்கள் அவை. புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் அங்கே ஏராளம். ஓர் அறைக்கு 12 பேர், சில இடங்களில் 20 பேர், அடுக்குக் கட்டில், பொதுக் கழிப்பறை. 2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியையும் தோ குவானில் உள்ள வெஸ்ட்லைட் விடுதியையும் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளாக அறிவித்தார்கள். முதலாவதில் சுமார் 13,000 பேர், அடுத்ததில் 6,800 பேர். 14 நாள் என்று சொன்னார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மற்ற விடுதிக்காரர்களையும் வெளியே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மொத்தத்தில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் உள்ளே.

ஜூன் 19-க்குப் பிறகு நகரத்து மக்கள் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். விடுதிகளில் பரிசோதனை ஒருவழியாக முடிய ஆகஸ்ட் ஆனது. அப்புறமும் விடுதி, வேலையிடம், மறுபடி விடுதி என்றுதான் வாழ்க்கை. வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்ற விதி பெருமளவு தளர 2022 ஜூன் வரை ஆனது. 14 நாள் என்று ஆரம்பித்த கதை இது.

அங்கே வசதி இல்லாமல் இல்லை. ஆரம்ப வாரங்களில் சாப்பாடு பற்றிப் புகார் நிறைய வந்தது, பிறகு மூன்று வேளையும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். வைஃபை கொடுத்தார்கள், சிம் கார்டு கொடுத்தார்கள். அடிப்படைச் சம்பளத்தை நிறுத்தக் கூடாது என்று முதலாளிகளுக்கு உத்தரவு போட்டார்கள். பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள் என்பதால் உயிரிழப்பும் மிகக் குறைவு. 2020 டிசம்பரில் அரசு கொடுத்த கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று வந்து போயிருந்தது, ஆனால் நோயில் செத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அப்படியிருந்தும் ஆகஸ்டிலேயே விடுதிகளில் தற்கொலை முயற்சிகள் பற்றிய செய்திகள் வெளிவந்தன. வருடக் கடைசிக்குள் மனிதவள அமைச்சு தொண்டு நிறுவனங்களையும் மனநல மருத்துவர்களையும் சேர்த்து ‘டான்’ என்ற பெயரில் தனியாக ஒரு பணிக்குழுவே அமைக்க வேண்டியிருந்தது.

சாப்பாடும் போனும் ஆள்துணையும் இருந்தன. பிறகு எது இல்லை?

முதலில் பணம். ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டித்தான் இந்த வேலைக்கே போகிறார்கள். வீட்டுப் பத்திரமோ மனைவியின் நகையோ அடகில் இருக்கும், மீதி வட்டிக்கு வாங்கியது. அந்தக் கடனை அடைப்பது அடிப்படைச் சம்பளம் இல்லை, ‘ஓடி’ என்று அவர்கள் சொல்கிற ஓவர்டைம். வேலை நின்றால் ஓடி நிற்கும், வட்டி நிற்காது. இரண்டாவது, நாள். எப்போது கதவு திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூன்றாவது, கொஞ்சம் வினோதமாகத் தோன்றலாம்: தனிமை கிடைக்காதது. அங்கிருந்து நேராக எங்களுக்கு வந்த அழைப்புகள் குறைவு. ஊரில் இருக்கும் மனைவிமார்தான் கூப்பிடுவார்கள். “முன்ன மாதிரி பேசுறதில்லைங்க. என்னன்னு கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லி வச்சிடறார்” என்பார்கள். சுற்றிப் பதினோரு பேர் படுத்திருக்கும் அறையில், மேல்கட்டிலில் இருந்துகொண்டு ஒரு ஆண்பிள்ளை மனைவியிடம் வேறு என்ன பேசுவான்? அழவேண்டும் என்றால் மாடிப்படிக்குப் போகவேண்டும், அங்கேயும் போகக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருக்கும். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் இரண்டாம் அலை அடித்தபோது அதே கட்டிலில் இருந்தபடி அப்பாவின் அடக்கத்தை வீடியோ காலில் பார்த்தவர்கள் உண்டு.

சரி, இது ஒரு நாட்டுக் கதை, ஒரு வகை ஆட்களின் கதை என்று சொல்லலாம். ஆனால் ஆய்வுகள் சொல்வதும் இதைத்தான். லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த குழு ஒன்று 2020 பிப்ரவரியில், அதாவது பாதி உலகம் இன்னும் பூட்டப்படாத நேரத்தில், பழைய தொற்றுகளின்போது தனிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. 3,166 கட்டுரைகளை அலசி, 10 நாடுகளில் நடந்த 24 ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உள்ளே இருக்கும்போது வாட்டுபவை என்று அவர்கள் போட்ட பட்டியலைப் பாருங்கள்: காலம் நீள்வது, தொற்றிவிடுமோ என்ற பயம், சலிப்பு, அத்தியாவசியப் பொருள் கிடைக்காதது, தெளிவான தகவல் இல்லாதது. வெளியே வந்த பிறகு பண நஷ்டமும் ஊர்ப்பேச்சும். இதில் பாதிக்குமேல் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. அதனால்தான் இதை மனநோய்ப் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. பால் பாக்கெட் யார் கொண்டுவந்து கொடுப்பது என்று தீர்மானிக்காத ஓர் அலுவலகம், அப்புறம் ஆலோசகரை அனுப்பிப் பயனில்லை.

இப்போது மனபலத்துக்கு வருவோம். 2003-ல் சார்ஸ் வந்தபோது கனடாவின் டொராண்டோ பகுதியில் 15,000-க்கும் அதிகமானோரை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர்களில் 129 பேர் பதிலளித்த ஓர் ஆய்வில் 28.9 சதவீதத்தினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகளும், 31.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் தெரிந்தன. சிறிய ஆய்வு, தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்கள், ஆகவே அந்தச் சதவீதத்தை அப்படியே ஊருக்கெல்லாம் பொருத்தக்கூடாது. ஆனால் யாருக்கு அதிகம் என்பது கவனிக்க வேண்டியது: 10 நாளுக்கு மேல் அடைபட்டவர்களுக்கு அதிகம், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 40,000 கனடிய டாலருக்குக் கீழே இருந்தவர்களுக்கும் அதிகம். ஏழைக்கு மனபலம் குறைவு என்றா இதற்குப் பொருள் கொள்வது?

2015-ல் தென்கொரியாவில் மெர்ஸ் பரவியபோது 16,000-க்கும் அதிகமானோரைத் தனிமைப்படுத்தினார்கள். அவர்களில் 1,656 பேரைப் பின்தொடர்ந்தபோது உள்ளே இருந்த காலத்தில் 7.6 சதவீதத்தினருக்குப் பதற்ற அறிகுறி இருந்தது. கோபம் 16.6 சதவீதத்தினருக்கு. நான்கிலிருந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது பதற்றம் 3 சதவீதமாகவும் கோபம் 6.4 சதவீதமாகவும் இறங்கியிருந்தன. பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிற நல்ல செய்தி. அப்படித் தேறாதவர்களிடம் காணப்பட்டவை: உள்ளே இருக்கும்போது சாப்பாடு, துணி போன்றவை சரியாகக் கிடைக்காதது, பண நஷ்டம், ஏற்கெனவே மனநலச் சிகிச்சை எடுத்த வரலாறு. கடைசியில் சொன்னதுதான் உங்கள் கேள்வியில் இருக்கும் பாதி உண்மை. முன்பே மனநலக் குறைபாடு இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். ஆனால் அதைப் ‘பலம் இல்லை’ என்று சொல்வது, சர்க்கரை நோயாளியை ரத்தத்தில் பலம் இல்லாதவர் என்று சொல்வதற்குச் சமம். அவர்களில் பலருக்கு அந்தச் சமயத்தில் நேர்ந்த உண்மையான சிக்கல், மாத்திரை தீர்ந்துபோனது. தினமும் போடுகிற மாத்திரை திடீரென்று நின்றால் தூக்கம் போகும், எரிச்சல் வரும், பழைய நோய் தலைதூக்கும். மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பக்கத்துத் தெரு மெடிக்கலில் வாங்கிக் கொடுக்க ஒருவர் இருந்தால் போதும், பாதிப் பேருக்கு எங்களைக் கூப்பிட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கொரியக் கணக்கில் பதற்றத்தைவிடக் கோபம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது பலருக்கு வியப்பாக இருக்கும். எனக்கு இல்லை. எங்களுக்கு வந்த அழைப்புகளில் அழுதவர்களைவிடத் திட்டியவர்கள் அதிகம். “நாளைக்கு விடுறோம்னு சொன்னாங்க, இப்ப இன்னும் ஏழு நாள்ங்கிறாங்க” என்பது அடிக்கடி கேட்டது. கூட்டுக் குடும்பங்களில் இந்த நாள் கணக்கு படுத்திய பாடு தனி. ஒரே குளியலறை உள்ள வீட்டில் ஐந்து பேர் இருப்பார்கள். மாமனாருக்கு முதலில் பாசிட்டிவ், எல்லாருக்கும் 14 நாள். பத்தாவது நாள் கணவருக்கு வரும், மருமகளின் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அது முடியும் முன்பு பிள்ளைக்கு வரும். கடைசிவரை நெகட்டிவாகவே இருந்து, எல்லாருக்கும் தனித்தனித் தட்டில் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் அந்த வீட்டில் அதிக நாள் வெளியே போகாதவளாக இருப்பாள். நோயாளியின் உடல்நிலையைக் கேட்டு மாநகராட்சியிலிருந்து தினமும் போன் வரும். அவளை யாரும் கேட்க மாட்டார்கள்.

பயம் உடம்பில் செய்கிற வேலையையும் சொல்லவேண்டும். பதற்றத்தின் அறிகுறிகளும் கொரோனாவின் அறிகுறிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும்: நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குவது, படபடப்பு, தலைபாரம். நோய்த்தொடர்பில் இருந்த ஒருவர், தனக்கு வந்துவிட்டதா இல்லையா என்று தெரியாத நிலையில், நாள் முழுக்க இதை ஆராய்ந்துகொண்டே இருப்பார். இதில் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிற பல்ஸ் ஆக்சிமீட்டர் வேறு. 94-க்குக் கீழே போனால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். விரல் குளிர்ந்திருந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ, கையை ஆட்டினாலோ அது தப்பாகக் காட்டும் என்பது பலருக்குத் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு 92 காட்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் மூச்சு வேகமாகும், கை சில்லிடும், மறுபடி மாட்டினால் 91. நாங்கள் சொன்னது: கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள், ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், நகப்பூச்சில்லாத நடுவிரலில் மாட்டி எண் நிலைக்கும்வரை பாருங்கள், அப்போதும் குறைவாக இருந்தால் 108. பெரும்பாலும் 97 வந்துவிடும். ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் பார்ப்பது என்று நேரம் குறித்துக்கொண்டவர்கள் தூங்கினார்கள், மற்றவர்கள் விடிய விடிய விழித்திருந்தார்கள்.

மதுவைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது, ஆனால் பெரும்பாலான கட்டுரைகள் பேசுவதில்லை. தினமும் குடிக்கிற ஒருவரைத் திடீரென்று அடைத்துவைத்தால் ஒரு நாளைக்குள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாததைப் பார்ப்பதும் இடம் தெரியாமல் உளறுவதும் தொடங்கலாம், உயிருக்கே ஆபத்தான நிலை அது. வீட்டார் இதைப் ‘பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது’ என்று நினைத்தார்கள். கேரள அரசு 2020 மார்ச் இறுதியில் மருத்துவரின் சீட்டோடு மது கொடுக்கலாம் என்று உத்தரவு போட்டதும், உயர் நீதிமன்றம் அதை உடனே நிறுத்திவைத்ததும் நினைவிருக்கலாம். மருத்துவர்கள் எதிர்த்தது சரிதான், மருந்து இருக்கும்போது மதுவைச் சீட்டில் எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த மருந்து எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்தது ஊர்ப்பேச்சு. நம்மூரில் வைரஸை விட இதற்குப் பயந்தவர்கள் அதிகம். வீட்டு வாசலில் ஸ்டிக்கர், கையில் மை முத்திரை, தெருவை அடைக்கத் தகரத் தடுப்பு. சென்னையில் ‘அந்த வீட்டுக்குத் தகரம் அடிச்சுட்டாங்க’ என்றால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. 2020 மே மாதம், தொற்று பரவிய சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து கடலூர், அரியலூர், விழுப்புரம் பக்கம் திரும்பியவர்களைக் கல்யாண மண்டபத்திலும் கல்லூரியிலும் வைத்தார்கள். அவர்கள் ஊருக்குள் வந்த பிறகும் ‘கோயம்பேட்டு ஆள்’ என்ற பெயர் போகவில்லை. ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கும்பல் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒருவர், தனக்கு லேசாகக் காய்ச்சல் வந்தால் வெளியே சொல்வாரா? அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டாலொழிய நோயாளிகளின் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக்கூடாது என்று சொன்னது. முதல் அலை வடிந்த பிறகு வந்த தீர்ப்பு. தகரத்தால் பரவல் குறைந்ததோ இல்லையோ, பரிசோதனைக்குப் போகவே பலர் தயங்கினார்கள் என்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

நல்லபடியாக நடந்த இடங்களும் உண்டு. வூஹானிலிருந்து திரும்பிய மாணவிக்கு 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் தொற்று உறுதியானதுமே அந்த மாநிலம் ‘ஒற்றைக்கல்ல ஒப்பமுண்டு’ என்ற பெயரில் ஒரு வேலையை ஆரம்பித்தது. தனியாக இல்லை, கூட இருக்கிறோம் என்று பொருள். மாவட்ட மனநலத் திட்ட ஆட்கள் தனிமைப்படுத்தப்பட்டவர்களைத் தாங்களே தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். கஷ்டம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று எண்ணைக் கொடுத்துவிட்டு உட்காரவில்லை. இந்த வித்தியாசம் பெரியது, ஏனென்றால் மிகவும் சோர்ந்துபோனவர் எந்த எண்ணையும் அழைக்க மாட்டார். தைவானில் விதியை மீறாமல் 14 நாள் இருந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 தைவான் டாலர் இழப்பீடு கொடுத்தார்கள், உள்ளூர் அலுவலர் தினமும் விசாரித்தார். சென்னை மாநகராட்சியும் தன்னார்வலர்களை அமர்த்தி, வெளியே வர முடியாத வீடுகளுக்கு மளிகையும் மருந்தும் வாங்கிக்கொடுத்தது. வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிய அதே மாநகராட்சிதான் இதையும் செய்தது, அதையும் சொல்லவேண்டும்.

அடுத்த தடவை உங்கள் உறவினர் யாராவது இப்படி மாட்டிக்கொண்டால், ‘தைரியமா இரு’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அது பேச்சை முடித்துவிடும். என்ன பொருள் தீர்ந்திருக்கிறது, வீட்டு வாடகைக்கு என்ன செய்தார்கள், முடியும் தேதியை யாராவது எழுத்தில் கொடுத்தார்களா என்று கேளுங்கள். தேதி கொடுக்கவில்லை என்றால் நீங்களே அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவர் பகலில் படுக்காமல் இருந்தால் நல்லது. செய்திச் சேனலை ஒரு வேளைக்கு மேல் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் மரணச் செய்திகளை அவருக்கு அனுப்பாதீர்கள்.

குழந்தைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தனிமைப்படுத்தப்பட்ட குழந்தைகளிடம் அதிர்ச்சி அறிகுறிகளின் மதிப்பெண் மற்றக் குழந்தைகளைவிட 4 மடங்கு இருந்ததாக லான்செட் தொகுப்பில் வரும் ஓர் ஆய்வு சொல்கிறது. அவர்கள் சொல்ல மாட்டார்கள். நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரும், அம்மாவை விட்டு நகர மாட்டார்கள்.

முடிந்து வெளியே வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கவும் கூடாது. 2003-ல் சார்ஸ் காலத்தில் பணியாற்றிய பெய்ஜிங் மருத்துவமனை ஊழியர்களை மூன்று ஆண்டு கழித்து ஆராய்ந்தபோது, தனிமைப்படுத்தப்பட்டவர்களிடம் குடிப்பழக்கச் சிக்கலும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம் இருந்தன. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே பிடிக்காமல் இருந்தாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, குடி கூடினாலோ, செத்துப்போனால் தேவலை என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும், காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104-ம் உண்டு, இலங்கையில் 1926. அழைப்பவர் நோயாளியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. புதுக்கோட்டையிலிருந்து கூப்பிட்ட மனைவிமாரைப் போல, வீட்டில் இருப்பவரே கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.